பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பும் ஹீரோ: லீவா, பென்ஷனா, காயமா?

'ஆர்மி ஹீரோ' வைத்துக் காதல் நாவல் எழுத உட்காருகிறவர்கள் முதலில் முடிவு செய்வது பெரும்பாலும் அவனுடைய ரேங்க், உயரம், மீசை, ஓட்டும் புல்லட். அப்புறம் ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் ஒரு பெண், அவளுக்கு இவன் மேல் ஒரு பழைய கோபம். பத்து அத்தியாயம் நன்றாகப் போகும். அதற்குமேல் கதை நகராது. ஏன் வந்தான், எத்தனை நாள் இருப்பான், திரும்பிப் போக வேண்டியவனா இல்லையா என்பதற்கு எழுதுகிறவரிடமே பதில் இருக்காது.

அதனால் நான் சொல்வது இதுதான்: பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவன் டிரங்குப் பெட்டிக்குள் என்ன காகிதம் இருக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். லீவ் சர்டிபிகேட்டா, டிஸ்சார்ஜ் புத்தகமா, மெடிக்கல் போர்டு பேப்பரா, நான்கு வருடத்துக்கு மட்டும் ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டத்தின் அக்னிவீர் சான்றிதழா? காதலுக்கு எத்தனை நாள் கிடைக்கும், அவனுக்கு என்ன வயது, பெண் வீட்டில் என்ன கேட்பார்கள், ஊர் அவனை எப்படிப் பார்க்கும் என்பதெல்லாம் அந்தக் காகிதத்திலிருந்தே வந்துவிடும். எல்லையில் அவன் காட்டிய வீரம் இதில் எதையும் தீர்மானிப்பதில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சின்ன ஊருக்குத் திரும்பும் ராணுவ வீரனின் காதல் கதை அமெரிக்காவில் தனி வகையாகவே வளர்ந்த ஒன்று. நம் இணையத் தொடர்களில் பல அந்த அச்சையே எடுத்துக்கொள்கின்றன. அங்கே நான்கு வருட ஒப்பந்தத்தில் சேர்ந்து, ஒன்றிரண்டு ஒப்பந்தம் முடித்து, முப்பது வயதுக்குள் ஒருவன் வெளியே வந்துவிடுவது சாதாரணம். கல்யாணமாகாத, இளமை குறையாத, போரைப் பார்த்துவிட்ட முன்னாள் வீரன் அவர்களுக்குத் தேடாமலே கிடைக்கிறான். நம் ராணுவத்தில் அக்னிபத்துக்கு முந்தைய முறையில் சிப்பாயாகச் சேர்ந்தவர் 15 வருட சர்வீஸ் முடித்தால்தான் பென்ஷன். அதற்கு முன்னால் யாரும் லேசில் விட்டுவிட்டு வருவதில்லை. 20 வயதில் சேர்ந்தவர் நிரந்தரமாக ஊர் திரும்பும்போது முப்பதுகளின் பிற்பகுதியிலோ நாற்பதுகளிலோ இருப்பார், பெரும்பாலும் கல்யாணமாகிக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். அமெரிக்க அச்சு நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் பொருந்தாமல் போவது இங்கேதான்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் நாவல் எழுதுகிறவர்களுக்கு நான் லீவைத்தான் சொல்வேன். ஜவானுக்கு வருடத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவ், 30 நாள் கேஷுவல் லீவ். யூனிட் ஃபீல்டில், அதாவது எல்லைப்புறப் பணியில், இருந்தால் இது சேர்ந்தாற்போல் கிடைக்காமல் துண்டு துண்டாகவும் கிடைக்கலாம். இப்போது அந்த 60 நாளைக் கழித்துப் பாருங்கள். ஜம்முவிலிருந்து தெற்கே வர ரயிலிலேயே ஏறக்குறைய மூன்று நாள். வந்ததும் குலதெய்வம் கோயில். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. வீட்டுக்கு மேல்தளம் போட அவன் லீவுக்காகவே மேஸ்திரி காத்திருக்கிறார். பட்டா பெயர் மாற்ற தாலுகா ஆபீஸுக்கு நான்கு நடை. அம்மா கையில் இரண்டு ஜாதகம். இதற்கு நடுவில் மிச்சமிருக்கும் சாயங்காலங்களில்தான் காதல் நடக்க வேண்டும்.

நம் ஊர்களில் பட்டாளத்துக்காரர்களின் கல்யாணம் நடக்கிற விதமே ஒரு நாவலுக்குப் போதும். ஒரு லீவில் பெண் பார்த்து நிச்சயம், அடுத்த லீவில் கல்யாணம். நடுவில் ஒரு வருடம் போனில் ஓடும். முன்னணிச் சாவடியில் சிக்னல் இல்லாத வாரங்கள் வரும். நிச்சயமான பெண்ணுக்கு அந்த ஒரு வருடத்தில் சந்தேகங்கள் வரும், வேறு வாய்ப்புகளும் வரும், தன் வேலையில் ஒரு முன்னேற்றமும் வரும். இரண்டாவது லீவில் அவன் இறங்கும்போது போன வருடம் பார்த்த பெண் அங்கே இல்லை. லீவ் நாவலை இரண்டு லீவுகளாகப் பிரித்து எழுதினால் நாள் கணக்கே கதையை இழுத்துக்கொண்டு போகும், வில்லன் தேவைப்படாது.

லீவ் கதையில் ஒரு பழைய உத்தி உண்டு: எல்லையில் பதற்றம், லீவ் ரத்து, ஹீரோ பெட்டியைத் தூக்குகிறான். இது நடக்காததில்லை, நடந்திருக்கிறது. ஆனால் வருடத்தைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். 1999 மே முதல் ஜூலை வரை கார்கில். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லையில் படைக்குவிப்பு. 2020 ஜூனில் சீன எல்லையில் கல்வான் மோதல். மாதம் குறிப்பிடாத ஒரு 'போர்' வந்து ஹீரோவைத் தூக்கிக்கொண்டு போனால் வாசகருக்கு அது கதாசிரியரின் வசதி என்று தெரிந்துவிடும். இதற்கு நேர்மாறாக, லீவ் நீண்டுபோன காலமும் உண்டு. 2020 மார்ச்சில் பொது முடக்கம் வந்தபோது லீவில் ஊருக்கு வந்திருந்தவர்களுக்கு லீவை நீட்டித்தார்கள். கிளம்ப வேண்டிய நாளில் ரயில் இல்லை. கிளம்பும் தெம்பில் கோபமாகப் பேசிவிட்டு வந்த பெண்ணின் தெருவிலேயே இன்னும் பல நாள் இருக்க வேண்டும். இதை யாராவது நன்றாக எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை.

பென்ஷன் கதை இதைவிடக் கடினம். என் மனதுக்கு நெருக்கமானதும் இதுதான்.

'பென்ஷன்ல வந்துட்டாரு' என்று ஊர் சொல்கிற மனிதரைக் காதல் ஹீரோவாக்க எழுத்தாளர்கள் இரண்டு வழி பிடிக்கிறார்கள். ஒன்று, தங்கைகளைக் கரையேற்றியதில் கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் இருந்துவிட்டவர். இரண்டு, மனைவியை இழந்து ஒரு பெண் குழந்தையோடு திரும்புகிறவர். இரண்டும் எழுதலாம், தவறில்லை. முதலாவதில் ஒரு சிக்கல் உண்டு: ஊரில் எல்லா ஜவானுக்கும் இருபத்தைந்து, இருபத்தேழில் கல்யாணமாகியிருக்கும்போது இவர் மட்டும் ஏன் 38 வயது வரை தனியாக இருந்தார் என்று வாசகர் கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தக் கேள்விக்கு நாவல் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதில் குழந்தையைக் காதலுக்குத் தூது விடும் ஆசை வந்துவிடும்.

யாரும் அதிகம் தொடாத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அவர் தன் மனைவியையே காதலிக்கத் தொடங்குவது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்யாணமாகி 12 வருடம். வருடத்துக்கு 60, 30 என எல்லா லீவும் முழுசாகக் கிடைத்திருந்தால்கூட 1,080 நாள். மூன்று வருடம்கூட முழுதாக இல்லை. பீஸ் ஸ்டேஷனில், அதாவது எல்லைப் பதற்றமில்லாத முகாமில், குவார்ட்டர்ஸ் கிடைத்து குடும்பத்தைக் கூட்டிப்போன காலம் இருந்தால் அது தனி. அது கிடைக்காதவர்களும் ஏராளம், கிடைத்தும் மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்ள மனைவி ஊரிலேயே இருந்துவிட்ட வீடுகளும் ஏராளம். அப்படிப்பட்ட இருவர் முதல் முறையாக, போகிற தேதி இல்லாமல், ஒரே வீட்டில் இருக்கப் போகிறார்கள்.

அந்த முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். காலை ஐந்துக்கு எழுந்து போர்வையை விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து வைக்கிறார். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுவிட்டு எங்கே போவதென்று தெரியாமல் திண்ணையில் உட்காருகிறார். மனைவி எழுந்து வருவதற்குள் அடுக்களை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறார், உதவி என்று நினைத்து. அவள் வந்து துவரம்பருப்பைத் தேடுகிறாள். பன்னிரண்டு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தால் கிடைத்த பருப்பு இன்று கிடைக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொரு டப்பாவாகப் பழைய இடத்துக்கு நகர்த்துகிறாள். 'சொல்லியிருந்தா நானே மாத்தி வச்சிருப்பேனே' என்கிறார். 'சொல்றதுக்கு நீங்க எப்ப இருந்தீங்க?' என்கிறாள், கோபமில்லாமல், உண்மையாகவே யோசித்துக் கேட்பவள் போல.

ரேஷன் கார்டும் பேங்க் பாஸ்புக்கும் அவள் பொறுப்பு. பையனின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போவது அவள். மோட்டார் பழுதானால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும். போனில் 'அப்பா அப்பா' என்று அரைமணி நேரம் பேசிய மகள் நேரில் பக்கத்தில் உட்கார வெட்கப்படுகிறாள். தன் வீட்டிலேயே சர்க்கரை எங்கே என்று கேட்டு நிற்கும் ஒரு ஹவில்தாரிடமிருந்து தொடங்குகிற காதல் கதைக்குத் துப்பாக்கிச் சத்தமே வேண்டாம். யார் வீடு இது என்கிற கேள்வி போதும். அவள் இடம் விட வேண்டும், அவர் இடம் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பென்ஷன் கதையில் ஊரும் நன்றாக உள்ளே வரும். பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனை நடத்தியவர் ஏதோ ஒரு பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நின்று, உள்ளே வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிடுகிறார். மிலிட்டரி கேன்டீன் கார்டு இருக்கிறது என்று தெரிந்ததும் அதுவரை பேசாதவர்கள்கூட ரம் கோட்டாவுக்காக வந்து நலம் விசாரிக்கிறார்கள். வட்டிக்கு விடுங்கள், மனை வாங்குங்கள் என்று கமுட்டேஷன் பணத்தைச் சுற்றி (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் தொகை) யோசனை சொல்லப் பத்துப் பேர். இவையெல்லாம் அவருடைய கௌரவத்தைத் தொடுகிற இடங்கள். எல்லாவற்றையும் மனைவி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம் ஜாதி. இதைத் தவிர்த்துவிட்டு நம் சின்ன ஊரில் காதல் நாவல் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பதினைந்து வருடம் ஒரே லங்கரில் (பட்டாளத்துச் சமையல்கூடத்தில்) தட்டு நீட்டிச் சாப்பிட்டவர், ஒரே பாரக்கில் கட்டிலோடு கட்டில் போட்டுத் தூங்கியவர், பனியில் ஒருவர் கையை ஒருவர் தேய்த்துச் சூடேற்றியவர், ஊருக்கு வந்ததும் எந்தத் தெருவில் நிற்க வேண்டும், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று மறுபடி சொல்லித்தரப்படுகிறார். அவர் அதற்கு அடங்குகிறாரா, மறுக்கிறாரா? அடங்கினால் அந்தப் பெண் அவரை எப்படி மதிப்பாள்? அமெரிக்க அச்சில் காதலர்களைப் பிரிப்பது பெரும்பாலும் அவரவர் மனதிலுள்ள பயம். இங்கே தெருவே குறுக்கே நிற்கும். லீவில் வந்தவன் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட்டுவிட்டு ரயிலேறலாம், பென்ஷனில் வந்தவருக்கு அந்த வசதி இல்லை.

காயத்தோடு திரும்பும் ஹீரோ விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. நன்றாகத் தெரியாமல் இதைத் தொடாதீர்கள். மார்பில் ஒரு தழும்பு, லேசான நொண்டல், இரவில் கெட்ட கனவு, அதை ஹீரோயினின் மடி தீர்த்துவைப்பது என்று எழுதுவது அந்த வாழ்க்கையை வாழ்கிறவர்களுக்குச் செய்யும் அநியாயம். உண்மையில் நடப்பது நீளமானது: ராணுவ ஆஸ்பத்திரி, முழுத் தகுதி இல்லை என்று வகைப்படுத்தும் லோ மெடிக்கல் கேட்டகரி, மெடிக்கல் போர்டு, ஊனத்தின் சதவீதம், அது சர்வீஸால் வந்ததா இல்லையா என்ற விவாதம். காலை இழந்தவருக்குப் புனேயில் 1944-லிருந்து இயங்கும் செயற்கை உறுப்பு மையம் இருக்கிறது. முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்களுக்கு அதே புனேயின் கட்கியில் மறுவாழ்வு மையம் இருக்கிறது. ஊனமுற்றோர் பென்ஷன் மறுக்கப்பட்டால் ராணுவத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதற்குச் சென்னையிலும் அமர்வு உண்டு.

இதையெல்லாம் படித்தால் காதல் எங்கே என்று தோன்றும். அங்கேதான் இருக்கிறது. புதுக் காலை எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தால் தோல் புண்ணாகும் என்று அவளுக்குத் தெரிய வருகிற நாள் ஒரு காதல் காட்சி. தீர்ப்பாயத்துக்கான மனுவைத் தட்டச்சு செய்து தருகிற பெண் அவனுடைய பைலில் அவன் யாரிடமும் சொல்லாத தேதியைப் படிக்கிற இடம் ஒரு காதல் காட்சி. அவளை அவனுடைய செவிலியாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். அவளுக்கும் அவனிடம் ஏதாவது ஒன்று தேவைப்பட வேண்டும், பரிதாபத்துக்கு வெளியே. இந்த உழைப்புக்கு நேரமில்லை என்றால் லீவ் கதைக்கே போய்விடலாம்.

2022 ஜூன் 14-ல் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டதிலிருந்து, இதுவரை நமக்குப் பொருந்தாமலிருந்த அமெரிக்க அச்சுக்கு இங்கேயும் ஆள் கிடைத்திருக்கிறான். அறிவித்தபோது சொன்ன விதிகள் இவை: பதினேழரை முதல் 21 வயதுக்குள் சேர்க்கை. நான்கு வருட சர்வீஸ். முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குச் சேவா நிதி என்ற மொத்தத் தொகையாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாய், பென்ஷன் கிடையாது. சேரும்போது கல்யாணமாகாதவராக இருக்க வேண்டும், அந்த நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்துகொள்ளவும் கூடாது. வருடத்துக்கு 30 நாள்தான் லீவ். முதல் அணி 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சியில் சேர்ந்தது. 2026 முடிகிற சமயத்தில் அவர்கள் திரும்பத் தொடங்குவார்கள்.

காதல் நாவல் எழுதுகிறவருக்கு இந்த விதிகள் ஒவ்வொன்றும் ஒரு முடிச்சு. நான்கு வருடம் கல்யாணம் முடியாது என்று தெரிந்தே ஒரு பெண் காத்திருக்கிறாள். வீட்டில் வந்த வரன்களை ஒவ்வொரு காரணம் சொல்லித் தள்ளுகிறாள். அவன் 22, 23 வயதில் திரும்புகிறான். ஊர் கேட்கிற முதல் கேள்வி 'உன்னை வச்சுக்கலையா?' என்பது. பழைய பட்டாளத்துக்காரருக்குக் கிடைத்த மரியாதை இவனுக்குக் கிடைக்காது. அவர் 'முடித்துவிட்டு' வந்தவர், இவன் 'திருப்பி அனுப்பப்பட்டவன்'. நான்கு வருடத்தில் இவன் பார்த்தது குறைவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். பெண்ணின் அப்பா கேட்பது ஒரே வரி: 'இப்ப என்ன வேலை?' பதினொரு லட்சத்தை என்ன செய்வது என்பதில் அவன் வீட்டில் ஒரு கருத்து, அவளுக்கு ஒரு கருத்து. ஹீரோவின் வயதுதான் இதிலுள்ள சவால். முதிர்ச்சியான, கம்பீரமான, யாரையும் அதட்டுகிற 'ஆர்மி ஹீரோ'வை 23 வயதுப் பையனிடம் எதிர்பார்க்க முடியாது. ஹீரோ தடுமாறலாம் என்று ஒப்புக்கொள்ளும் வாசகர் கூட்டம் உங்களுக்கு இருந்தால் இன்றைய தேதியில் எழுத மிகவும் புதிதான கதை இதுதான். நன்றாக எழுதப்பட வேண்டிய கதையும்கூட.

அதிகாரியா ஜவானா என்ற கேள்விக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். அதிகாரியை எடுத்தால் ரேங்கைச் சரிபாருங்கள்: கமிஷனாகி, அதாவது அதிகாரியாகப் பொறுப்பேற்று, இரண்டு வருடத்தில் கேப்டன், ஆறு வருடத்தில் மேஜர், பதின்மூன்று வருடத்தில் லெப்டினன்ட் கர்னல். முப்பது வயது 'கர்னல்' கிடையாது. கல்யாணமாகாமல் முப்பதுகளில் நிரந்தரமாக வெளியே வரக்கூடிய அதிகாரி வேண்டுமென்றால் ஷார்ட் சர்வீஸ் கமிஷன் உங்களுக்கு உதவும். சென்னை பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் (ஓ.டி.ஏ.) பயிற்சி முடித்து, பத்து வருடமோ, நீட்டித்தால் பதினான்கு வருடமோ பணியாற்றி வெளியே வருவார்கள். ஆனால் சின்ன ஊர் வாழ்க்கையோடு நெருக்கமாகப் பின்னிய கதைக்கு நான் ஜவானையும் ஹவில்தாரையுமே தேர்ந்தெடுப்பேன். நம் ஊர்களிலிருந்து போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அவர்கள்தான், நாவல்களில் குறைவாக வருகிறவர்களும் அவர்கள்தான்.

திரும்பி வருவது அவளாகவும் இருக்கலாம். ஓ.டி.ஏ.வில் 1992-லிருந்து பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். ராணுவ நர்சிங் சர்வீஸ் அதற்கும் பழையது. 2020 பிப்ரவரி 17-ல் உச்ச நீதிமன்றம் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தர கமிஷன் வழங்கச் சொன்னது. 2021-ல் ராணுவ போலீஸில் பெண் சிப்பாய்களின் முதல் அணி சேர்ந்தது. லீவில் வருகிற பெண் சிப்பாயை ஊரில் இருக்கும் ஆண் காத்திருந்து காதலிக்கிற கதையில், மேலே சொன்ன எல்லாக் கேள்விகளும் தலைகீழாகும்: கல்யாணத்துக்கப்புறம் யார் யாரோடு போவது என்பது முதலில்.

கடந்த காலத்தில் கதை வைக்க விரும்புகிறவர்கள் கார்கிலுக்குப் போகிறார்கள். ஊர் மாலை போட்டு வரவேற்கிற திரும்புதல் அது, எழுத எளிது. தமிழில் எழுதுகிறவருக்கு மட்டுமே முழுதாகத் திறக்கக்கூடிய இன்னொரு வருடம் இருக்கிறது: 1990. இந்திய அமைதி காக்கும் படை 1987 ஜூலை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைக்குப் போனது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். கடைசிப் படைகள் 1990 மார்ச்சில் கப்பலில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தன. வரவேற்பு நிகழ்ச்சிக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. அங்கே தமிழர்கள் பட்ட துன்பத்தை அறிந்த தமிழ்நாடு அந்தப் படையைக் கொண்டாடும் மனநிலையில் இல்லை.

அப்படித் திரும்பிய ஒரு தமிழ் ஜவானை அவன் ஊரில் இறக்கிவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் சோதனைச் சாவடியில் நின்று தன் மொழியிலேயே கெஞ்சிய குரல்களைக் கேட்டவன். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவன், பக்கத்தில் இருந்த நண்பனைப் பறிகொடுத்தவன். ஊரில் ஒரு பெண், கல்லூரியில் ஈழத் தமிழருக்காக ஊர்வலம் போனவள். அவளுக்கு அவனைச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். அவள் கேட்க நினைக்கும் கேள்வியும் அவன் சொல்ல முடியாத பதிலும்தான் முழு நாவலும். இங்கே ஹீரோ என்கிற சொல்லே விவாதத்துக்கு வந்துவிடுகிறது. ஜவான் பக்கத்தையும் அங்கே வீடிழந்தவர்கள் பக்கத்தையும் படித்து, கேட்டு, இரண்டுக்கும் நியாயம் செய்யும் பொறுமை இருந்தால் மட்டும் எழுதுங்கள். வேகமாக எழுதப்படும் தொடருக்கு இது ஆகாது.

இனி ஊர். 'அழகான மலையடிவார கிராமம்' என்று பெயரில்லாமல் வைப்பவர்களே அதிகம். அதைவிட முக்கியமாக முடிவு செய்ய வேண்டியது, அந்த ஊரில் பட்டாளத்துக்காரர் அரிதா, சாதாரணமா என்பது. வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை இருக்கிறது, ராணுவப்பேட்டை என்றே பெயர் பெற்ற ஊர். வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகப் போகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் லீவில் வருகிறவனை யாரும் எழுந்து பார்ப்பதில்லை. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஓய்வுபெற்ற சுபேதார், அவன் எந்த யூனிட், எந்த போஸ்ட் என்று மூன்று கேள்வியில் அளந்துவிடுவார். அந்த ஊர்ப் பெண்ணுக்கும் பட்டாளத்துக்காரனின் மனைவியாக இருப்பது என்னவென்று தெரியும், அம்மாவைப் பார்த்திருக்கிறாள், அத்தையைப் பார்த்திருக்கிறாள். அவள் வேண்டாம் என்றால் அது அறியாமையால் வந்த வேண்டாம் ஆகாது. அதைக் கடப்பது ஹீரோவுக்குக் கடினம், வாசகருக்குச் சுவாரஸ்யம்.

ஊரிலிருந்து முதல் முதலாகப் பட்டாளத்துக்குப் போனவன் என்றால் எல்லாம் வேறு. போஸ்டர் ஒட்டுவார்கள், பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றக் கூப்பிடுவார்கள், எத்தனை பேரைச் சுட்டாய் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவன் சப்ளை கோரில் கணக்கு எழுதுகிறவனாக இருக்கலாம். சொல்ல முடியாது. அந்தப் பெண்ணிடம் மட்டும் சொல்கிறான். லீவ் கதையோடு இந்த ஊர் நன்றாகச் சேரும். பென்ஷன் கதையோடு ராணுவப்பேட்டை மாதிரியான ஊர் சேரும். மாற்றிப் போட்டால் எழுத முடியாது என்றில்லை, கதையின் பாதி சக்தி வீணாகும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அந்தக் காகிதங்களை ஒருமுறை கண்ணால் பாருங்கள். பெரும்பாலான மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பென்ஷன் பெயர்த் திருத்தத்துக்கும் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கும் வந்து பெஞ்சில் காத்திருப்பவர்களோடு ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தால் போதும். மரியாதையாகக் கேட்டால் எதையும் மறைக்காமல் பேசுகிற மனிதர்கள். போர்க் கதையை முதலில் கேட்காதீர்கள். லீவில் வந்து கிளம்புகிற அன்று வீட்டில் யார் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டில் நம்பர், ரேங்க், பெயர் எழுதியது யார் என்று கேளுங்கள். அவர்கள் மனைவிகளிடம், முடிந்தால் தனியாக, அந்த 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் விலாசத்துக்குக் கடிதம் எழுதிய காலத்தைக் கேளுங்கள். எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரியாமலே ஒரு எண்ணுக்குக் கடிதம் எழுதிய பெண்களிடம் ஒன்றல்ல, பல நாவல்கள் இருக்கின்றன.

முடிவை எப்படி வைப்பது என்பதும் காகிதத்தைப் பொறுத்ததே. அமெரிக்க அச்சில் ஹீரோ ஊரிலேயே தங்கிவிடுவது சுபமுடிவு. நம் லீவ் கதையில் ஹீரோ தங்க முடியாது. பீஸ் போஸ்டிங்கும் குவார்ட்டர்ஸும் கிடைத்து அவளும் கூடப் போவது ஒரு முடிவு. அப்படியானால் அவள் வேலை என்னவாகிறது என்று எழுத வேண்டும். தனியார் பள்ளி ஆசிரியை என்றால் போகிற இடத்தில் தேடிக்கொள்ளலாம், கிராம நிர்வாக அலுவலர் என்றால் முடியாது. அவள் ஊரிலேயே, அவன் அம்மாவோடு, அடுத்த லீவுக்குக் காத்திருப்பது இன்னொரு முடிவு. பழைய நாவல்கள் இதைத் தியாகமாக எழுதின. தன் சம்பளம், தன் நேரம், தன் வீடு என்று அவள் தெரிந்தே எடுத்த ஏற்பாடாகவும் அதை எழுதலாம். பென்ஷனுக்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது என்பதை இருவரும் காலண்டர் பார்த்துப் பேசி முடித்த பிறகே கல்யாணத் தேதியைக் குறியுங்கள்.